ஐயாவின் இருமலும் பேரனின் மூச்சும்

எங்கள் காரைக்குடிப் பக்கம் கைப்பிள்ளை இருமிக்கொண்டே மெலிந்துபோனால் 'கணை' என்பார்கள். மந்திரிப்பது, கயிறு கட்டுவது என்று ஒரு மாசம் ஓடிவிடும். எல்லாக் கணையும் டிபி இல்லை, ஆனால் சிலது டிபிதான் (காசநோய்), இரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு அந்த ஒரு மாசம் ரொம்பப் பெரிசு.

டிபி வந்த பெரியவர்களின் சளியில் கிருமி பெரும்பாலும் கூட்டம் கூட்டமாக இருக்கும். குழந்தையிடம் கொஞ்சம்தான். அப்புறம் ஏன் ஐசியூ வரை போகிறது?

காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுமே, அதேதான் நெஞ்சுக்குள்ளும் நடக்கிறது. நுரையீரலுக்குள் போன கிருமி பக்கத்து நிணநீர்க் கணுக்களில் தங்க, அவை வீங்கி மூச்சுக்குழாயை நெருக்குகின்றன. பிள்ளையின் குழாய் சில மில்லிமீட்டர் அகலம்தான், குருத்தெலும்பும் இளசு, சட்டென்று நசுங்கும். அகலம் பாதியானால் காற்றுக்கு இருக்கும் தடை இரண்டு மடங்கு இல்லை, 16 மடங்கு! முழுசாக அடைத்தால் அந்தப் பக்க நுரையீரல் சுருங்கிவிடும். அரைகுறையாக அடைத்தால் உள்ளே போன காற்று வெளியே வராமல் ஊதிக்கொள்ளும். சில சமயம் கணுவே உடைந்து, தயிர்க்கட்டி மாதிரியான சீழ் குழாய்க்குள் கொட்டும்.

இன்னொரு வழி ரத்தம். அதில் கலந்த கிருமி இரண்டு நுரையீரலிலும் பரவினால் எக்ஸ்ரேயில் தினையை வாரி இறைத்த மாதிரி 1, 2 மில்லிமீட்டர் புள்ளிகள் தெரியும். காற்றுப்பைகளின் சுவர் வீங்கி நீர் கசிய, ஆக்சிஜன் ரத்தத்துக்குச் சரியாகப் போகாது. மூளை உறைக்கும் பரவலாம்.

சட்டையைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். மூச்சு இழுக்கும்போது விலா இடுக்கு குழிகிறது, மூக்கு விடைக்கிறது, ஒவ்வொரு மூச்சு விடும்போதும் ஒரு முனகல். அது அழுகை இல்லை. காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் பிள்ளையே தொண்டையை மூடிக் காற்றைப் பிடித்துவைக்கிறது. அந்த வேலையைத்தான் வென்டிலேட்டர் வாங்கிக்கொள்கிறது. அதுவும் ரொம்பப் பதமாக, எடையில் கிலோவுக்கு 6 மில்லி காற்று என்ற கணக்கில்: 8 கிலோ பிள்ளைக்கு ஒரு மூச்சுக்கு 50 மில்லிகூட இல்லை, அரை டம்ளர் காபிக்கும் குறைவு. மருந்து மூக்குக் குழாய் வழியே போகும், கணு வீக்கம் வற்றப் பல நேரம் ஸ்டீராய்டும் உண்டு.

கண்டுபிடிப்பதுதான் சிக்கல். பிள்ளைக்குச் சளியைத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். அதனால் விடியற்காலை வெறும் வயிற்றில் குழாய் விட்டு இரைப்பை நீரை எடுப்பார்கள், இப்போது மலத்திலும் பார்க்கிறார்கள். கிருமி குறைவு என்பதால் 'இல்லை' என்று வந்தாலும் நம்ப முடியாது. ஆகவே டாக்டர் முதலில் கேட்பது, "வீட்டில் யாருக்கு இருமல்?"

வளவு வாசல் (நடு முற்றம்) வழியே காற்றும் வெயிலும் வரும் நம் பழைய வீட்டில் கிருமி நீர்த்துப்போகும். ஆனால் ஐயா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளறையில் படுக்கிறார், பேரன் பக்கத்தில். கேட்டால் "புகையிலை இருமல்" என்பார். பிறந்ததும் போடும் பிசிஜி தடுப்பூசி டிபியால் வரும் மூளைக் காய்ச்சலையும் தினைப் புள்ளி டிபியையும் பெருமளவு தடுக்கும், முழுசாக இல்லை. ஐயாவின் சளியில் கிருமி இருந்தால், ஒன்றுமே இல்லாமல் ஓடியாடுகிற பேரனையும் பரிசோதித்துவிட்டு, அரசு மருத்துவமனையில் தடுப்பு மாத்திரையை இலவசமாகக் கொடுப்பார்கள்.