ப்ரீஆம்ப்னா என்ன? தமிழ்ல முன்பெருக்கி

வீட்ல ஆம்ப்ளிஃபயர் இருக்கு, தனியா ஒரு ப்ரீஆம்ப் வாங்கி வச்சா சவுண்டு இன்னும் நல்லாருக்குமான்னு நிறைய பேர் கேக்குறாங்க. அந்தச் சொல்லைப் பிரிச்சுப் பாத்தாலே பாதி பதில் வந்துடும். 'ப்ரே'ன்னா லத்தீன்ல முன்னாடி, 'ஆம்ப்ளுஸ்'னா பெருசு, அதுலேர்ந்துதான் ஆம்ப்ளிஃபயர். ஆக ஸ்பீக்கரை ஓட்டுற பவர் ஆம்ப் கைக்குப் போறதுக்கு முன்னாடியே சிக்னலைப் பெருசாக்கிக் குடுக்குறது ப்ரீஆம்ப்.

தமிழ்ல முன்பெருக்கி. தண்ணி தானா பெருகும், நாம ஒண்ணைப் பெருக்குவோம், ஆடிப்பெருக்குல இருக்குற அதே பெருக்குதான் இது. முன்பணம், முன்பதிவு மாதிரி வாயிலயும் லேசா வருது. சிலர் மிகைப்பின்னு எழுதுறாங்க, ஆனா மிகைன்னா தேவைக்கு மேலங்குற வாடை அடிக்குது, நல்ல ஆம்ப் எதையும் மிகைப்படுத்தக் கூடாது, அதனால எனக்குப் பெருக்கிதான் சரி. ஒலிபெருக்கின்னு மட்டும் சொல்லிடாதீங்க, அது திருவிழாவுல கட்டுற ஸ்பீக்கருக்குன்னு நிலைச்சுப் போச்சு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல கேக்கணும்னா பாஸ் ட்ரெபிள் போர்டுன்னு கேளுங்க, 4558 ஐசி (சிக்னலைப் பெருக்குற சின்ன சிப்) போட்டு எடுத்துக் குடுப்பாங்க, அதுவும் ஒரு முன்பெருக்கிதான்.

இது கட்டாயம் வேணும்னா ரெக்கார்டு (இசைத்தட்டு) கேக்குறவங்களுக்கு. எங்க வீட்டு பழைய ரெக்கார்ட் ப்ளேயரை ஒரு தடவை நேரா ஆம்ப்போட ஆக்ஸ் ஜாக்குல சொருகிட்டேன், வால்யூமை முழுசா திருப்பியும் பாட்டு எங்கயோ பக்கத்து வீட்ல ஓடுற மாதிரி இருந்துச்சு, தபேலா இருக்குற இடமே தெரியல, பாடுறவங்களோட 'ஸ்' மட்டும் ஊசியா குத்துச்சு. காரணம் ரெண்டு. சாதாரண எம்எம் கார்ட்ரிட்ஜ் (ஊசி இருக்குற மூவிங் மேக்னட் வகைத் தலை) தர்றது சுமார் 5 மில்லிவோல்ட், சிடி ப்ளேயர் தர்றது 2 வோல்ட், 400 மடங்கு வித்தியாசம். இன்னொண்ணு, ரெக்கார்டு வெட்டும்போதே பாஸைக் குறைச்சு ட்ரெபிளை ஏத்தித்தான் வெட்டுறாங்க, 1954லேர்ந்து ஆர்ஐஏஏ (அமெரிக்க ரெக்கார்டு கம்பெனிகளோட சங்கம்) கணக்கு இதுக்குப் பொது. அதைத் திருப்பிப் போட்டு சரிபண்றது ஃபோனோ ப்ரீஆம்ப் வேலை.

சிடி ப்ளேயர், டேக் (DAC, டிஜிட்டல் பாட்டை அனலாக் சிக்னலா மாத்துற பெட்டி)னா கதையே வேற. 2 வோல்ட் வந்தாலே பெரும்பாலான பவர் ஆம்ப் முழு சத்தம் குடுத்துடும், அதுக்கு மேல பெருக்க ஒண்ணுமே இல்ல. அங்க ப்ரீஆம்ப் செய்யுறது வால்யூம், எந்த சோர்ஸ்னு மாத்துறது, அப்புறம் நீளமான கேபிளைத் தெம்பா ஓட்டுறது. வெறும் வால்யூம் திருகு (பாட்) மட்டும் வச்சு நீள கேபிள் இழுத்தா ட்ரெபிள் மங்கும், அங்க நல்ல ப்ரீஆம்ப் வித்தியாசத்தைக் காதுல காட்டும். மத்தபடி நடுவுல இன்னொரு பெட்டின்னா அதோட இரைச்சலும் சேந்துதான் வரும்.

உங்க கிட்ட இருக்குறது இன்டிகிரேட்டட் ஆம்ப்னா முன்பெருக்கி ஏற்கனவே உள்ளயே இருக்கு. பின்னாடி 'மெயின் இன்' ஜாக் (உள்ள இருக்குற முன்பெருக்கியைத் தாண்டி நேரா பவர் ஆம்புக்குப் போற வழி) இருக்கான்னு பாருங்க. அது இல்லாம வெளில வாங்கி ஆக்ஸ்ல சொருகினா சிக்னல் ரெண்டு முன்பெருக்கி, ரெண்டு வால்யூம் தாண்டித்தான் போகும், அந்தக் காசை ஸ்பீக்கர்ல போடுங்க.