கார்டு இல்லையென்றால் வைத்தியமும் இல்லையா?

பிள்ளையார்பட்டி, குன்றக்குடி கோயில் வாசலிலோ காரைக்குடி பஸ் ஸ்டாண்டிலோ சுருண்டு கிடக்கும் ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் வரும் கேள்விகள்: "ஆதார் இருக்கா? காப்பீட்டு அட்டை இருக்கா? கூட யாரு?" மூன்றுமே அவருக்கு இருக்காது. இங்கேயே பலர் திரும்பிவிடுகிறார்கள். திரும்பாதீர்கள்.

அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டுக்கும் மருந்துக்கும் படுக்கைக்கும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை வேண்டியதில்லை. ஸ்கேன் மாதிரி சிலவற்றுக்குத்தான் கட்டணம், அங்கேதான் அட்டை உதவும். அட்டை இருந்தால் ஆபரேஷனுக்கு மருத்துவமனைக்கே காப்பீட்டுப் பணம் வரும். துருவித் துருவிக் கேட்பது அதற்காகவும்தான். உயிருக்கு ஆபத்தான நிலையில் அரசு மருத்துவமனை சிகிச்சை மறுத்தால் அது வாழ்வுரிமையையே மீறுவது என்று உச்ச நீதிமன்றம் 1996இலேயே சொல்லிவிட்டது. மறுத்தால் "எழுத்தில் கொடுங்கள்" என்று நிதானமாகக் கேளுங்கள். அப்புறம் நிலைய மருத்துவ அலுவலரைப் பாருங்கள். சாலை விபத்து என்றால், தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டப்படி, முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அட்டையே தேவையில்லை. அந்தத் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைக்கும் இது பொருந்தும்.

சரி, காப்பீட்டு அட்டையை எடுத்துவிடலாமே என்கிறீர்களா? அதற்கு ரேஷன் கார்டு வேண்டும். ரேஷன் கார்டுக்கு முகவரி வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று கிராம நிர்வாக அலுவலர் சொல்ல வேண்டும். அவரோ "இவர் நம்ம ஊர்க்காரர் இல்லையே" என்பார். பெரிய வீட்டில் காலமெல்லாம் காவலும் சமையலும் பார்த்து, வீடு பூட்டிய பிறகு தெருவுக்கு வந்தவருக்கும் இதே பதில்தான். எல்லாம் கிடைத்தாலும் பதிவு செய்ய சிவகங்கை கலெக்டர் ஆபீஸுக்கு பஸ் ஏற வேண்டும். வருமானமே இல்லாதவரிடம் வருமானச் சான்று கேட்கிற வேடிக்கை இது. அதனால் முதலில் அட்மிஷன், பேப்பர் வேலை பிறகு.

ஆதாருக்கு முகவரிச் சான்று மட்டும் எளிது. அங்கீகாரம் பெற்ற காப்பகப் பொறுப்பாளரோ கவுன்சிலரோ ஆதாரின் சான்றிதழ்ப் படிவத்தில் கையெழுத்திட்டால் முகவரிக்குப் போதும். வெறும் லெட்டர்பேடில் எழுதி வாங்காதீர்கள், திருப்பி அனுப்புவார்கள். கையெழுத்தான நாளிலிருந்து 3 மாதம்தான் செல்லும்.

மனநலம் குன்றித் திரிபவர் என்றால் சட்டம் இன்னும் தெளிவு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, வீடற்றவருக்கு அரசு மருத்துவமனையில் மனநலச் சிகிச்சை இலவசம், ஏழை என்று காட்ட அட்டை வேண்டாம். அவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்குக் கொண்டுபோவது போலீஸின் கடமை. லாக்கப்பில் வைக்கக் கூடாது. "எங்க வேலை இல்லை" என்றால் பிரிவு 100 என்று சொல்லுங்கள்.

கடைசியாக, டிஸ்சார்ஜ். 'சொந்த விருப்பத்தில் போகிறேன்' என்ற தாளில் கைநாட்டு வாங்கி அனுப்பப் பார்ப்பார்கள். படித்துக் காட்டச் சொல்லாமல் பெருவிரலை நீட்ட விடாதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கி, ஒரு நகலை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். பிளாட்பாரத்தில் மழைக்கு முதலில் நனைவது அதுதான்.