கிளினிக்கில் தரும் இரும்புச்சத்துக் குளிசை: யாருக்கு, எத்தனை மாதம், எப்போது குடிப்பது

பிள்ளை உண்டாகியிருக்கிறது என்று தெரிந்ததும், கர்ப்பம் எட்டு வாரமாகுமுன் உங்கள் பகுதி மிட்வைஃபிடம் பதிந்துவிடுங்கள். பதிந்தால் கர்ப்பிணித் தாய் அட்டை கையில் கிடைக்கும். முதல் கிளினிக்கில் ரத்தம் எடுத்து ஹீமோகுளோபின் (ரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் சிவப்புச் சத்து) பார்ப்பார்கள், 28 வாரமளவில் மறுபடி பார்ப்பார்கள். ஃபோலிக் அமிலக் குளிசை தொடக்கத்திலிருந்தே தரப்படும். 12 வாரம் கடந்ததும் இரும்புச்சத்துக் குளிசையும் அதோடு விட்டமின் சி, கல்சியம் குளிசைகளும் சேரும். முதல் மூன்று மாதம் முடிந்தபின் பூச்சிக் குளிசை ஒரு தடவை தருவார்கள். திரிபோஷ என்ற சத்துமா மாதம் 750 கிராம் பக்கெட் இரண்டு. எதற்கும் காசில்லை.

பலரும் தவறவிடுவது அடுத்த கட்டத்தை. பிள்ளை பிறந்த பிறகும் ஆறு மாதத்துக்கு இந்தக் குளிசைகளும் திரிபோஷவும் தாய்க்கு உரியவை. பிரசவத்தில் போன ரத்தத்தை ஈடுகட்டும் காலம் அதுதான். பிள்ளையின் ஊசிக்குக் கிளினிக் போகும் தாய்மார் தங்களுக்கான குளிசையைக் கேட்காமல் திரும்புகிறார்கள். வாய் திறந்து கேளுங்கள்.

ரத்தம் குறைந்துபோவது இலங்கை மலையகத்தின் தனிச் சிக்கல் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகில் கர்ப்பிணிகளில் 37 வீதமானோருக்கும், ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகளில் 40 வீதமானோருக்கும் ரத்தச்சோகை இருக்கிறது. இரும்புச்சத்துக் குறைவு அதற்கு முதன்மையான காரணங்களில் ஒன்று. ஆனால் எங்கள் பக்கம் அதைக் கூட்டிவிடும் பழக்கம் ஒன்று உண்டு. அது தேத்தண்ணி.

தேயிலையின் துவர்ப்பில் இருக்கும் டானின், சோற்றிலும் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்போடு வயிற்றுக்குள் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய இரும்பு ரத்தத்தில் சேராமல் அப்படியே வெளியேறிவிடும். குளிசைக்கும் இதே கதிதான். பால் சேர்த்தாலும் வித்தியாசமில்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒரு நாளைப் பாருங்கள்: விடிய முன் வெறுந்தேத்தண்ணி, பிறகு ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியும், பத்து மணிக்குக் கொழுந்து மலையிலேயே போத்தல் தேத்தண்ணி, பகல் சாப்பாட்டோடு ஒன்று, வேலை விட்டு வந்ததும் ஒன்று, ராத்திரி படுக்கப் போகையில் இன்னொன்று. இதற்கு நடுவே குளிசைக்கு இடம் எங்கே?

இடம் ராத்திரியில்தான் இருக்கிறது. இரவுச் சாப்பாடு முடிந்து இரண்டு மணித்தியாலம் கழித்து, படுக்கும்போது இரும்புக் குளிசையையும் விட்டமின் சி குளிசையையும் சேர்த்துத் தண்ணீரில் குடியுங்கள். அன்றைய கடைசித் தேத்தண்ணி அதற்கு முன்பே, குறைந்தது ஒரு மணித்தியாலம் முன்னதாக முடிந்திருக்க வேண்டும். படுக்கையில் குளிருக்கு ஏதாவது வேண்டுமென்றால் சுடுதண்ணி போதும். கல்சியம் குளிசையும் இரும்பு சேர்வதைத் தடுக்கும். அதைப் பகல் சாப்பாட்டோடு எடுங்கள். இரண்டையும் ஒரே கையில் கொட்டி விழுங்கினால் இரும்பு குறைவாகவே சேரும்.

குளிசை குடித்தால் மலம் கறுப்பாகப் போகும். பயப்படத் தேவையில்லை. ஓங்காளமோ மலச்சிக்கலோ வந்தால் சாப்பாட்டோடு எடுக்கலாம். இரும்பு சற்றுக் குறைவாகச் சேரும், நிறுத்துவதைவிட அது நல்லது. அப்போதும் பக்கத்தில் தேத்தண்ணிக் கோப்பை வேண்டாம். குளிசைக் கவரை அடுப்புக்கு மேலேயோ ஈரச் சுவரோரமோ வைக்காதீர்கள். மலைநாட்டு ஈரத்தில் குளிசை நிறம் மாறிக் கெட்டுவிடும். இறுக்கி மூடும் போத்தலில், பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். சிறு பிள்ளை இதில் சிலவற்றை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓட வேண்டும்.

கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் பொதுவாக 100 மில்லிலீற்றர் ரத்தத்தில் 11 கிராமுக்குக் குறைந்தால் ரத்தச்சோகை, 7க்குக் குறைந்தால் கடுமையானது, ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டியது. மலையில் இன்னொரு கணக்கும் உண்டு. உயரத்தில் காற்றில் ஒட்சிசன் குறைவு என்பதால் உடம்பு ஹீமோகுளோபினைக் கூட்டியே வைத்திருக்கும். ஆகவே உயரத்துக்கு ஏற்ப ஓர் அளவைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2024 வழிகாட்டியில் அந்த அளவு 1000 மீற்றருக்கு மேல் 0.8, 1500 மீற்றருக்கு மேல் 1.1 கிராம். நுவரெலியா 1868 மீற்றரில் இருக்கிறது. அங்கே முதல் மூன்று மாதத்தில் ஒரு தாய்க்கு 11.5 வந்தால் "பிழையில்லை" என்று தோன்றும். கழித்துப் பார்த்தால் 10.4. ரிப்போட்டில் எண் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் இதை டொக்டரிடம் கேளுங்கள்.

ரத்தச்சோகை உறுதியானால் நாளுக்கு 60 மில்லிகிராமாக இருக்கும் இரும்பை டொக்டர் 120 ஆக்கலாம். ஒழுங்காகக் குடித்தால் நாலு வாரத்தில் ஹீமோகுளோபின் ஏறக்குறைய 1 கிராம் ஏற வேண்டும். ஏறாவிட்டால் குளிசையை மட்டும் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை. கொக்கிப்புழு இருக்கிறதா, தலசீமியாக் கூறு (பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடு) இருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். கொக்கிப்புழுவின் குஞ்சு ஈர மண்ணிலிருந்து வெறுங்காலின் தோல் வழியே ஏறுகிறது, குடலில் ஒட்டி ரத்தம் குடிக்கிறது. மலைக்குச் செருப்போ சப்பாத்தோ இல்லாமல் இறங்க வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கர்ப்பிணிகளுக்கான போஷாக்குக் கொடுப்பனவு 2015இல் மாதம் 2000 ரூபா வீதம் பத்து மாதத்துக்குத் தொடங்கியது. பின்னர் தொகை கூட்டப்பட்டது. கிளினிக் பதிவு இருந்தால்தான் இது கிடைக்கும், சீக்கிரம் பதிவதற்கு அதுவும் ஒரு காரணம். அந்தக் காசில் நெத்தலி, முட்டை, பயறு, கௌபி வாங்குங்கள். மீன், ஈரல், கருவாடு இவற்றின் இரும்பு கீரையினதைவிட எளிதாகச் சேரும், தேயிலையும் அதை அவ்வளவாகத் தடுக்காது. பருப்பும் கீரையும் சமைத்தால் இறக்கியபின் தேசிக்காய் பிழிந்துவிடுங்கள், அல்லது சாப்பிட்டதும் ஒரு கொய்யா.

கிளினிக் போனால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும் என்று பயந்து நாள் தவறவிடுகிறவர்கள் உண்டு. திகதி அட்டையிலேயே எழுதியிருக்கும். அதை முதல் நாளே கங்காணியிடமோ தோட்டத்து ஒபிசிலோ காட்டிச் சொல்லிவையுங்கள். அப்படியும் போக முடியாமல் போனால், குளிசை முடிய முன்னமே மிட்வைஃபிடம் சொல்லுங்கள். வீட்டைப் பார்க்க வருவதும் அவருடைய வேலைதான்.