நிற்க முடியாத வேகம்: 1903 பாரீஸ்–மாட்ரிட் பந்தயத்தின் இயற்பியல்

1903ஆம் ஆண்டு மே 24ஆம் நாள், விடிவதற்கு முன்பே, பாரீஸை அடுத்த வெர்சாயிலிருந்து மாட்ரிட் நகரை நோக்கி மோட்டார் சைக்கிள்களையும் சேர்த்து இருநூறுக்கும் மேற்பட்ட வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டன. பந்தயம் ஸ்பெயின் எல்லையைத் தொடவே இல்லை. போர்தோ வரையிலான 552 கி.மீ. முதல் கட்டம் முடிவதற்குள் ஓட்டுநர்கள், மெக்கானிக்குகள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எனக் குறைந்தது எட்டுப் பேர் உயிரிழந்தனர். பிரெஞ்சு அரசு பந்தயத்தை அங்கேயே நிறுத்தியது. அந்நாளின் மிக வேகமான வண்டிகளைக் குதிரைகள் ரயில் நிலையத்துக்கு இழுத்துச் செல்ல, அவை ரயிலேறிப் பாரீஸுக்குத் திரும்பின.

இந்த விபத்துகளுக்கு ஓட்டுநர்களின் முரட்டுத் துணிச்சலே காரணம் என்று அப்போதும் சொன்னார்கள், இப்போதும் சொல்கிறார்கள். எனக்கு அது பாதி விளக்கமாகவே படுகிறது. 1895இல் பாரீஸிலிருந்து போர்தோ சென்று திரும்பிய பந்தயத்தில் எமில் லெவாசோர் 4 குதிரைத்திறன் கொண்ட வண்டியை மணிக்குச் சராசரியாக 24 கி.மீ. வேகத்தில் ஓட்டி முதலில் வந்தார். எட்டே ஆண்டுகளில், 70 குதிரைத்திறன் கொண்ட மோர்ஸ் வண்டியில் பெர்னான் காப்ரியேல் போர்தோவை எட்டிய சராசரி வேகம் 105 கி.மீ. இந்த எட்டு ஆண்டுகளில் எஞ்சின் எங்கோ போய்விட்டது. பிரேக், டயர், சாலை ஆகிய மூன்றும் ஏறத்தாழக் குதிரை வண்டிக் காலத்திலேயே நின்றுவிட்டன. அந்த இடைவெளியை நிரப்புவதற்கு ஓட்டுநரின் துணிவைத் தவிர வேறு எதுவும் இல்லை என்பதுதான் அன்றைய நிலைமை.

வேகம் இரட்டிப்பானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். 24இலிருந்து 105 என்பது வேகத்தில் நான்கு மடங்குக்குச் சற்று அதிகம். ஆற்றலிலோ ஏறக்குறைய 19 மடங்கு. நேர்ச்சாலையில் மணிக்கு 130 கி.மீ., அதாவது வினாடிக்கு 36 மீட்டர், ஓடிய வண்டி திடீரென ஒரு மரத்தில் மோதுவது ஏறத்தாழ 66 மீட்டர் உயரத்திலிருந்து, இருபது மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து, தரையில் விழுவதற்குச் சமம். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் ஓடும் குதிரை வண்டிக்கு இதே கணக்கைப் போட்டால் ஒன்றரை மீட்டர்தான் வரும். எஞ்சின்கள் கட்டுமீறிப் பெருப்பதைத் தடுக்க, பெரிய வண்டிகளின் எடை 1000 கிலோவைத் தாண்டக்கூடாது என்று 1902இல் விதி வகுத்தார்கள். வடிவமைப்பாளர்கள் எஞ்சினைச் சிறிதாக்கவில்லை. 11 லிட்டருக்கும் மேல் கொள்ளளவு கொண்ட எஞ்சின்களை அப்படியே வைத்துக்கொண்டு, சட்டகத்தைச் சுரண்டியும் இரும்புப் பாகங்களில் வரிசையாகத் துளையிட்டும் எடையைக் குறைத்தார்கள். ஆபத்தைக் குறைக்க வந்த விதி அதைக் கூட்டிவிட்டுப் போனது.

அடுத்து, இவ்வளவு ஆற்றலையும் எப்படி நிறுத்துவது? அக்கால வண்டிகளில் காலால் மிதிக்கும் பிரேக் எஞ்சினிலிருந்து சக்கரத்துக்குத் திறனைக் கொண்டு செல்லும் தண்டை இறுகப் பிடித்தது. கையால் இழுக்கும் நெம்புகோல் பின்சக்கர டிரம்களைப் பிடித்தது. இரண்டும் பின்சக்கரங்களில் மட்டுமே வேலை செய்தன. வண்டியின் வேகம் குறையும்போது அதன் பாரம் முன்பக்கம் சாய்கிறது என்பதைப் பேருந்தில் நின்று பயணம் செய்த எவரும் அறிவர். பாரம் முன்னே போனால், பின்சக்கரங்கள் தரையை அழுத்தும் விசை குறையும். அழுத்தம் குறைந்தால் உராய்வும் குறையும். ஆக, ஓட்டுநர் எவ்வளவு கடுமையாகப் பிரேக் போடுகிறாரோ அவ்வளவுக்கு அந்தப் பிரேக் தன் பிடிமானத்தைத் தானே இழந்தது.

கணக்கிட்டுப் பார்க்கலாம். வண்டியின் பாரம் முன்னும் பின்னும் பாதிப்பாதி, சக்கரங்களுக்கிடையே 2.6 மீட்டர் நீளம், ஈர்ப்பு மையம் தரையிலிருந்து முக்கால் மீட்டர் உயரம், சரளைச் சாலையில் உராய்வுக் கெழு 0.5 என்று கொள்வோம். பின்சக்கரங்களால் மட்டும் கிடைக்கக்கூடிய அதிகபட்ச வேகக்குறைப்பு, புவியீர்ப்பு முடுக்கத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். மணிக்கு 130 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க ஏறத்தாழ 300 மீட்டர் தேவை. அதே சாலையில் நான்கு சக்கரங்களிலும் பிரேக் இருந்திருந்தால் 135 மீட்டருக்குள் நின்றிருக்கும். இதுவும் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாத வரைதான். பின்சக்கரங்கள் பூட்டிச் சறுக்கத் தொடங்கினால் பக்கவாட்டுப் பிடிமானமும் போய், வண்டியின் பின்பகுதி முன்னால் சுழன்று வந்துவிடும். அனுபவமுள்ள ஓட்டுநர்கள் பிரேக்கைப் பெரிதாக நம்பாததற்கு இதுதான் காரணம்.

முன்சக்கரத்திலும் பிரேக் வைக்கலாமே என்று யாருக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் முன்சக்கரம் திரும்பும், வில்லின் (ஸ்பிரிங்கின்) மேல் ஏறி இறங்கும். பிரேக் கம்பியின் நீளம் ஒவ்வோர் அசைவிலும் மாறாமல் இருக்க வேண்டும். இடது, வலது விசைகள் சிறிது வேறுபட்டாலும் திசைச்சக்கரம் ஓட்டுநரின் கையைப் பிடுங்கிக்கொண்டு ஓடும். இச்சிக்கல்கள் தீர மேலும் பத்தாண்டுகள் ஆயின.

இனிச் சாலையோரத்தில் நின்ற கூட்டத்தைப் பார்ப்போம். கிராமங்கள்தோறும் மக்கள் சாலையின் நடுவிலேயே நின்று, வண்டி நெருங்கியதும் இருபுறமும் ஒதுங்கினார்கள். அவர்களை மூடர்கள் என்று சொல்வது எளிது. அவர்களின் கண் அவர்களை ஏமாற்றியது என்பதே சரி. நேர் எதிரே வரும் பொருளின் வேகத்தை நாம் அறிவது, அதன் உருவம் விழித்திரையில் பெரிதாகும் விகிதத்தைக் கொண்டுதான். அந்த விகிதம் வினாடிக்குச் சுமார் 0.003 ரேடியனை, அதாவது ஒரு பாகையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கை, தாண்டும் வரை, பொருள் தொலைவில் அசையாமல் நிற்பதுபோலவே தோன்றும். ஒன்றரை மீட்டர் அகலமுள்ள குதிரை வண்டி 50 மீட்டர் தொலைவில் இந்த எல்லையைத் தாண்டும்; விலகுவதற்கு ஒன்பது வினாடிகள் இருக்கும். அதே அகலமுள்ள மோர்ஸ் வண்டி ஏறத்தாழ 134 மீட்டர் தொலைவில் தாண்டும். மீதம் இருப்பது நாலு வினாடிகூட இல்லை. வாழ்நாள் முழுதும் குதிரை வண்டிகளையே பார்த்துப் பழகியவருக்கு அந்த நாலு வினாடியின் பொருள் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. மேலே கண்ட 300 மீட்டரை இதனுடன் வைத்துப் பாருங்கள்: பார்வையாளர் ஆபத்தை உணரும் கணத்தில், ஓட்டுநர் பிரேக் போட்டிருக்க வேண்டிய இடம் 160 மீட்டருக்கும் மேல் பின்னால் போயிருக்கும். கூட்டம் விலகிவிடும் என்று நம்பி வேகத்தைக் குறைக்காமல் ஓட்டுவதைத் தவிர அவருக்கு வழியில்லை. அங்குலேம் நகரில் கூட்டம் விலகவில்லை. சாலைக்குள் வந்துவிட்ட குழந்தையைக் காக்கப் பாய்ந்த படைவீரர் ஒருவர் அங்கே இறந்தார்.

ஆனால் அன்று எல்லாவற்றையும் விடக் கொடியதாக இருந்தது தூசி. அக்காலப் பிரெஞ்சு நெடுஞ்சாலைகள் உடைத்த கல்லைப் பரப்பி, நுண்ணிய கல்தூளும் நீரும் சேர்த்து உருளையால் இறுக்கியவை, தார் கிடையாது. குதிரை வண்டிகளின் இரும்புப்பட்டை போட்ட சக்கரங்கள் அந்தத் தூளை மேலும் அரைத்து அமுக்கின. மோட்டார் வண்டியின் பின்சக்கரமோ தரையைப் பின்னோக்கித் தள்ளித்தான் முன்னேறுகிறது. அது தூளைக் கிளப்ப, வண்டிக்குப் பின்னால் உருவாகும் குறைந்த காற்றழுத்தம் அதை உறிஞ்சி மேலே தூக்கியது.

துகள் எவ்வளவு சிறியதோ அவ்வளவு மெதுவாக அது கீழே இறங்கும். நுண்துகள்களைப் பொறுத்தவரை இறங்கும் வேகம் விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுகிறது. மணல் போன்ற பெருந்துகள்கள் சில வினாடிகளில் விழுந்துவிடும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு விட்டமுள்ள கல்தூள் காற்றசைவற்ற வெளியில் வினாடிக்கு 8 மில்லிமீட்டர் அளவுக்கே இறங்கும். இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து தரை சேர அதற்கு நான்கு நிமிடங்கள் வேண்டும். போட்டியாளர்கள் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டதால், வண்டிகளை ஒரு நிமிட இடைவெளியில் அனுப்பினார்கள். முன்னவர் கிளப்பிய தூசி அடங்குவதற்கு முன்பே அடுத்தவர் அதற்குள் நுழைந்தார். சாலை தெரியாதபோது இருமருங்கிலும் நின்ற மரங்களின் உச்சிகளைப் பார்த்து ஓட்டுநர்கள் திசையைக் கணித்தார்கள். மரவரிசை வளையாமல் சாலை மட்டும் வளையும் இடங்களில் அந்தக் கணிப்பு பொய்த்தது.

முந்திச் செல்வதென்றால் தூசி மிக அடர்ந்திருக்கும் இடத்துக்கு, முன்வண்டியின் வாலுக்கே, போயாக வேண்டும். ரெனோ நிறுவனத்தை நிறுவிய சகோதரர்களில் ஒருவரான மார்செல் ரெனோ, புவாத்தியேவுக்குத் தெற்கே கூஏ-வெராக் என்னும் இடத்தில் லியோன் தெரியின் வண்டியை இப்படி முந்த முயன்றபோது, தூசிக்குள் வளைவைக் காணாமல் சாலையை விட்டு விலகிக் கவிழ்ந்தார். நினைவு திரும்பாமலே இரு நாட்களில் இறந்தார். அவருடைய தம்பி லூயி அதற்குள் போர்தோவை அடைந்திருந்தார். செய்தி கேட்டபின் அவர் மீண்டும் பந்தயத்தில் ஓட்டவில்லை. தனக்கு முன் புறப்பட்ட பல பத்து வண்டிகளை இதே தூசிக்குள் முந்திவந்த காப்ரியேலின் ஓட்டத்தை நினைத்தால் வியப்பை விட அச்சமே எனக்கு மேலோங்குகிறது.

டயரின் கதை வேறு. அன்றைய டயரின் ஓரத்தில் ஒரு தடித்த ரப்பர் விளிம்பு இருக்கும். அது சக்கர வளையத்தின் மடிப்புக்குள் சொருகிக்கொண்டு, உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தால் மட்டுமே பிடித்து நின்றது. குதிரை லாடத்தின் ஆணி ஒன்று குத்தினால் போதும்: அழுத்தம் குறையும், வளைவில் வரும் பக்கவாட்டு விசை டயரை வளையத்திலிருந்து உருவி எறிந்துவிடும். ஆணி குத்தாவிட்டாலும், உள்ளிருந்த நெய்த துணியின் குறுக்கும் நெடுக்குமான நூல்கள் ஒவ்வொரு சுழற்சியிலும் ஒன்றையொன்று தேய்த்துச் சூடேறின. கரித்தூள் சேர்த்து ரப்பரை வலுவாக்கும் முறை அப்போது பழக்கத்தில் இல்லை. சக்கரத்தைக் கழற்றவும் முடியாது. ஓட்டுநரும் மெக்கானிக்கும் டயரைக் கத்தியால் அறுத்தெடுத்து, புதியதை நெம்பி மாட்டிக் காற்றடித்தார்கள்.

உடன் சென்ற அந்த மெக்கானிக்கைப் பற்றி வரலாறுகள் போதிய அளவு பேசுவதில்லை. எண்ணெயைக் கைப்பம்பால் எஞ்சினுக்கு அனுப்புவது, எரிபொருள் தொட்டியில் அழுத்தம் குறையாமல் பார்ப்பது, டயர்களைக் கவனிப்பது, பின்னால் யாரேனும் முந்த வருகிறாரா என்று திரும்பிப் பார்ப்பது எல்லாம் அவர் வேலை. ஓட்டுநருக்காவது பற்றிக்கொள்ளத் திசைச்சக்கரம் இருந்தது. இவருக்கு இருக்கையின் ஓரம்தான். இருக்கைப்பட்டை கிடையாது, தலையில் துணித்தொப்பி. சரளையில் வண்டி கவிழ்வதற்கு முன் சறுக்கும் என்பதால் சமதரையில் அது எளிதில் உருளாது. ஆனால் சறுக்கும் சக்கரம் ஒரு பள்ளத்திலோ கல்லிலோ தட்டினால், உயர்ந்த ஈர்ப்பு மையம் தட்டிய சக்கரத்தின் மேலேறி மறுபக்கம் போய்விடும், இருவரும் தூக்கி எறியப்படுவார்கள். லிபூர்ன் அருகே லோரேன் பாரோவின் வண்டி நாய் ஒன்றில் மோதித் தடுமாறி மரத்தில் மோதியபோது, மெக்கானிக் அதே இடத்தில் இறந்தார். பாரோ சில வாரங்களுக்குப் பின் இறந்தார். அதே நாளில் கமீல் தூ காஸ்ட் என்ற பெண் ஓட்டுநர், கவிழ்ந்து கிடந்த சக போட்டியாளர் ஒருவருக்கு உதவுவதற்காகத் தம் வண்டியை நிறுத்தி, முன்னணியில் இருந்த தம் இடத்தை இழந்தார். அன்றைய துணிவுக் கதைகளில் எனக்கு மிகப் பிடித்தது, இயற்பியல் எதுவும் வற்புறுத்தாத இந்த ஒரு செயல்தான்.

அடுத்து நடந்த திருத்தங்கள் ஓட்டுநர்களை அடக்குவதாக அல்லாமல், மேற்கண்ட குறைகளை ஒவ்வொன்றாகத் தொடுவதாக அமைந்தன. ஐந்து வாரங்களுக்குப் பின் அயர்லாந்தில் நடந்த கார்டன் பென்னட் கோப்பைப் பந்தயம், காவல் போட்டு மூடிய சுற்றுச்சாலையில், ஏழு நிமிட இடைவெளியில் வண்டிகளை அனுப்பியது. தூசி அடங்குவதற்கு அந்த இடைவெளி போதும். மெர்சிடஸ் வண்டியில் கமீல் ஜெனாட்ஸி வென்றார், யாரும் இறக்கவில்லை. மொனாக்கோவில் மருத்துவர் குக்லியெல்மினெட்டி 1902இலேயே சோதித்துக் காட்டிய தார்ப்பூச்சு, சாலைகளுக்குப் பரவியது; 1906இல் லெ மான் அருகே நடந்த முதல் பிரெஞ்சு கிராண்ட் பிரீயில், வெயிலில் இளகிய தார் தெறித்து ஓட்டுநர்களின் கண்களைப் புண்ணாக்கியதும் உண்டு. அதே பந்தயத்தில் மிஷலின் நிறுவனத்தின் கழற்றி மாட்டும் சக்கர வளையங்கள் டயர் மாற்றும் நேரத்தைச் சில நிமிடங்களுக்குக் குறைத்தன. அவற்றைப் பூட்டிய ரெனோ வண்டியில் ஃபெரென்ட்ஸ் சிஸ் அரை மணிக்கும் மேலான இடைவெளியில் வென்றார்.

நான்கு சக்கரப் பிரேக் மட்டும் தாமதமாக வந்தது. 1914 ஜூலையில் லியோனில் நடந்த கிராண்ட் பிரீயில் பூஜோ, டிலாஜ், ஃபியட் வண்டிகள் அவற்றுடன் வந்தன. ஆயினும் பின்சக்கரப் பிரேக் மட்டுமே கொண்ட மெர்சிடஸ் வண்டிகள் முதல் மூன்று இடங்களையும் பிடித்தன. வளைவுகளில் தாமதமாகப் பிரேக் பிடிக்கும் வசதி பூஜோவுக்கு இருந்தும், அதன் டயர்கள் தாங்கவில்லை. 1921 பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் நான்கு சக்கரங்களிலும் நீரழுத்தப் பிரேக் கொண்ட டியூசன்பெர்க் வென்றபின் அந்த விவாதம் முடிந்தது. மெக்கானிக் கையால் இயக்கிவந்த பம்புகளை எஞ்சினே இயக்கத் தொடங்கியது. 1911இல் இண்டியானாபோலிஸில் ரே ஹாரூன் மெக்கானிக் இல்லாமல், பின்பார்வைக் கண்ணாடி ஒன்றைப் பொருத்திக்கொண்டு தனியாக வென்று காட்டியிருந்தார். கிராண்ட் பிரீ பந்தயங்களில் மெக்கானிக்கை ஏற்றிச் செல்லும் வழக்கம் 1925இல் நிறுத்தப்பட்டது. அவருக்கான இருக்கையை மட்டும் விதிகள் இன்னும் சில காலம் வண்டியில் வைத்திருக்கச் சொல்லின.