எத்னோபேர்ப்: இதற்குத் தமிழில் என்ன சொல்வது?

கனடாவில் மார்க்கம் நகரில் இருக்கிற என் சித்தியின் மகள் பல்கலைக்கழகத்தில் புவியியல் படிக்கிறாள். போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள்: "அண்ணா, எத்னோபேர்ப் எண்டதுக்குத் தமிழிலை என்ன? அம்மாவுக்கு விளங்கப்படுத்த வேணும், நாங்கள் இருக்கிற இடமே அதுதானாம்." ஒரு சிறுபான்மை இனக்குழு குறிப்பிடத்தக்க அளவில் செறிந்து வாழும் புறநகரை ஆங்கிலத்தில் அப்படிச் சொல்கிறார்கள். நான் யோசிக்காமல் "இனப் புறநகர்" என்று பதில் போட்டுவிட்டேன். அடுத்த நாள் சித்தியே எடுத்துக் கேட்டா: "அப்ப இது ஒரு இனம் மட்டும் இருக்கிற இடமே? எங்கட பக்கத்து வீடு சீனாக்காரர், எதிர் வீடு பஞ்சாபி, அங்கால ஈரான்காரர். பிறகென்ன இனப் புறநகர்?"

சித்தி கேட்டது சரி, நான் கொடுத்த சொல்தான் பிழை. ஏன் பிழை என்று தேடப்போய், சொல்லின் பின்னால் இவ்வளவு விஷயம் இருக்கிறதே என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

எத்னோபேர்ப் என்பது இரண்டு ஆங்கிலச் சொற்களை வெட்டி ஒட்டியது. முன்பாதி 'எத்னிக்', பின்பாதி 'சபேர்ப்'. பின்பாதியிலிருந்து தொடங்குவோம், அதில்தான் நமக்கும் சொல்ல நிறைய இருக்கிறது.

'சபேர்ப்' இலத்தீனிலிருந்து வந்தது. 'உர்ப்ஸ்' என்றால் நகர், 'சுப்' என்றால் கீழே அல்லது அருகே. மதில் சூழ்ந்த நகரை ஒட்டிக் கிடக்கும் இடம் என்று பொருள். பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்துக்கு வந்துவிட்டது, ஆனால் அன்று அது நல்ல சொல் அல்ல. இலண்டனில் மதிலுக்கு வெளியே தள்ளப்பட்டவை தோல் பதனிடும் தொழிலும், விலைமாதர் விடுதியும், ஊருக்குள் வேண்டாம் என்று ஒதுக்கிய மற்றவையும். புல்வெளியும் கார் நிறுத்துமிடமுமாக நாம் இன்று நினைக்கிற வசதியான புறநகர் பிற்காலத்தது.

தமிழில் இதற்குப் பழைய சொல் ஒன்று உண்டு: புறஞ்சேரி. சிலப்பதிகாரத்தில் மதுரைக் காண்டத்தில் 'புறஞ்சேரி இறுத்த காதை' என்றே ஒரு காதை இருக்கிறது. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு வையையைக் கடந்து, மதுரைக்குள் நுழையுமுன் மதிலுக்கு வெளியே தங்குகிற இடம் அது. அறம் செய்வோர் மட்டுமே சேர்கிற இடம் என்று இளங்கோ சொல்கிறார். இலண்டனில் நகரின் புறம் ஒதுக்கப்பட்டவர்களுக்கு, இங்கே துறவிகளுக்கு! இந்த வேறுபாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஆனால் புறஞ்சேரியை இன்று அப்படியே எடுத்தாள முடியாது, சேரி என்ற சொல்லுக்கு நடந்தது அப்படி. சேர்ந்து வாழும் இடம் சேரி, அவ்வளவுதான் அதன் பொருள். தமிழ்நாட்டில் அது சாதி ஒதுக்கலின் பெயராகிவிட்டது. யாழ்ப்பாணத்தில் பழைய பொருள் ஊர்ப்பெயரில் பத்திரமாக இருக்கிறது, சாவகச்சேரியில் இருக்கிறவருக்கு அந்தச் சொல்லில் எந்த உறுத்தலும் கிடையாது. சாவகச்சேரி என்பது சாவகர் சேர்ந்திருந்த இடம், அதாவது மலாய், யாவாப் பக்கத்திலிருந்து 13ஆம் நூற்றாண்டில் சந்திரபானு என்ற மன்னனோடு வந்தவர்களின் குடியிருப்பு என்று விளக்கம் சொல்வோர் உண்டு. அந்த விளக்கம் சரியென்றால், வேற்றினத்தார் வந்து செறிந்த இடத்துக்கு நாம் வைத்த பழைய பெயரே சேரிதான்.

சரி, புறநகர். எழுத்தில் இதுவே நிலைத்துவிட்டது, மாற்றத் தேவையும் இல்லை. பேச்சில் நாங்கள் அதைச் சொல்வதேயில்லை. யாழ்ப்பாண நகரை ஒட்டிய கொக்குவிலில் இருக்கிறவர் தன்னைப் புறநகர்வாசி என்று நினைப்பதில்லை, அவர் கொக்குவில்காரர், யாழ்ப்பாணம் அவருக்கு 'ரவுண்' (டவுன்). பத்திரிகைச் செய்தியில் மட்டும்தான் 'யாழ். புறநகர்ப் பகுதி' வரும். அவுஸ்திரேலியாவில் இதற்கு நேர்மாறு, சிட்னியில் நகரின் நடுவே இருக்கிற குடியிருப்பும் 'சபேர்ப்'தான், முகவரியில் வரும் இடப்பெயர் எல்லாமே சபேர்ப். அதனால் சிட்னியிலிருந்து ஒருவர் "எங்கட சபேர்ப்" என்றால் அதைப் புறநகர் என்று எழுதக்கூடாது, 'எங்கள் பகுதி' என்றால் போதும். பாரிஸில் 'பான்லியூ' என்ற சொல் நகர ஆட்சியின் ஆணை செல்லும் தொலைவைக் குறித்துப் பிறந்தது. 2005இல் அங்கே வெடித்த கலவரங்களுக்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்டாலே அங்குள்ளவர்களுக்கு அடுக்குமாடிகளும் குடியேறிகளும் பொலிசும்தான் நினைவுக்கு வருகின்றன. நம்மவர் பாரிஸ் நகருக்குள் இருக்கிற லாச்சப்பலில் கடை வைத்துக்கொண்டு குடியிருப்பது பெரும்பாலும் இந்தப் பான்லியூக்களில்தான். இலண்டனின் 'சபேர்ப்', சிட்னியின் 'சபேர்ப்', பாரிஸின் 'பான்லியூ' மூன்றையும் அகராதி பார்த்துப் 'புறநகர்' என்று பெயர்த்துவிடலாம், ஆனால் மூன்றும் மூன்று இடங்கள்.

இனி எத்னோபேர்ப் ஏன் பிறந்தது என்பது.

1925இல் சிகாகோவை வைத்து பேர்ஜஸ் என்ற சமூகவியலாளர் ஒரு வட்டப் படம் போட்டார். குடியேறியவர் முதலில் நகரின் நடுவை ஒட்டிய நெரிசலான பகுதியில் தங்குவார், பணம் சேரச் சேர வெளி வட்டத்துக்கு நகர்வார், புறநகரை அடையும்போது மொழியும் அடையாளமும் கரைந்து பெரும்பான்மையோடு கலந்திருப்பார் என்பது அதிலிருந்து பலர் எடுத்துக்கொண்ட பாடம். ஆனால் எல்லோருக்கும் அந்தக் கதவு திறந்திருக்கவில்லை. 1947இல் நியூயோர்க்குக்கு வெளியே எழுந்த லெவிற்றவுன் என்ற பெரும் புறநகரில், வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள்.

பிறகு சட்டங்கள் மாறின. அமெரிக்கா 1965இல் குடிவரவுச் சட்டத்தைத் திருத்தியது, கனடா 1967இல், படிப்பு, மொழி, வேலைத் திறன் போன்றவற்றுக்குப் புள்ளி போட்டுக் குடிவரவாளரைத் தெரிகிற புள்ளி முறையைக் கொண்டுவந்தது. படித்தவர்களும் கையில் பணம் இருந்தவர்களும் வந்து, நகரின் நடுவில் தங்காமல் நேரே புறநகரில் வீடு வாங்கினார்கள். லொஸ் ஏஞ்சலிஸ் பக்கத்து மொன்ரரி பார்க்கில் சீனர்கள் இப்படித்தான் சேர்ந்தார்கள், 1983இல் லில்லி லீ சென் என்ற சீன அமெரிக்கப் பெண் அங்கே மேயரானார். அந்தச் சான் கேப்ரியல் பள்ளத்தாக்கை ஆராய்ந்த வெய் லி என்ற புவியியலாளர்தான் 1990களின் பிற்பாதியில் எத்னோபேர்ப் என்ற சொல்லை உருவாக்கினார். அவருடைய வரையறையில் கவனிக்க வேண்டியது ஒன்று: அது பெருநகரின் புறநகர், வீடுகளும் வணிகமும் சேர்ந்தது, ஒரு சிறுபான்மைக் குழு அங்கே குறிப்பிடத்தக்க அளவில் செறிந்திருக்கும், ஆனால் அந்தக் குழு அங்கே பெரும்பான்மையாக இருக்க வேண்டும் என்றில்லை. மற்றவர்களும் கூடவே இருப்பார்கள். சித்தி தொலைபேசியில் சொன்னது இதேதான்.

2011இல் ராதிகா சிற்சபைஈசன் ரொறன்ரோவின் ஸ்காபரோ ரூஜ் ரிவர் தொகுதியில் வென்று கனடாவின் முதல் தமிழ் நாடாளுமன்ற உறுப்பினரானபோது, தமிழர் பெரும்பான்மையாக உள்ள இடம் போலும் என்று இங்கே பலர் நினைத்தார்கள். அப்படியில்லை, சீனர்களும் பிற தெற்காசியர்களும் கறுப்பினத்தவர்களும் பெருந்தொகையாக இருந்த தொகுதி அது. செறிவு என்பது வேறு, பெரும்பான்மை என்பது வேறு.

புறநகர்களை ஒப்பிடும்போது எண்களும் இதையே சொல்கின்றன, ஆனால் எண்களைப் படிக்கும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். 2021 குடிசன மதிப்பீட்டின்படி ரொறன்ரோ நகரில் 100க்கு ஏறத்தாழ 56 பேர் கனடா அரசு 'காணத்தக்க சிறுபான்மை' என்று வகுக்கும் பிரிவினர், அதாவது வெள்ளையரும் பழங்குடியினரும் அல்லாதவர். வெளியே மார்க்கத்தில் 82, பிரம்ரனில் 80க்கு மேல். நகரைவிடப் புறநகரில்தான் கூடுதல், பேர்ஜஸின் படம் தலைகீழாகிவிட்டது. அதேநேரம் மார்க்கத்தில் ஏறத்தாழப் பாதிப் பேர் சீனர், பிரம்ரனில் பாதிக்கு மேல் தெற்காசியர். அந்தத் 'தெற்காசியர்' என்ற ஒரே பெட்டிக்குள் பஞ்சாபியும் குஜராத்தியும் யாழ்ப்பாணத்தவரும் கயானாவிலிருந்து வந்த இந்திய வம்சாவளியினரும் அடக்கம். இலண்டனின் ஹரோவில் அதே ஆண்டு ஆசியர் 45 வீதம், வெள்ளையர் 36 வீதம் அளவில். ஆனால் அங்கே பெட்டிகள் வேறு. பாரிஸோடு ஒப்பிடவே முடியாது, பிரான்ஸின் குடிசன மதிப்பீடு இனத்தைக் கேட்பதில்லை. அவுஸ்திரேலியா கேட்பது பிறந்த நாட்டையும் வம்சாவளியையும்.

இன்னொன்றும் உண்டு. ஒரு புறநகரில் பல இனத்தவர் இருக்கிறார்கள் என்பதும் அவர்கள் கலந்து இருக்கிறார்கள் என்பதும் ஒன்றல்ல. 100 வீட்டில் 50 ஒரு குழு, 50 இன்னொரு குழு என்றால் கணக்கில் அது நல்ல பன்மை. நடுவே போகும் வீதியின் இந்தப் பக்கம் முழுக்க ஒரு குழு, அந்தப் பக்கம் முழுக்க மற்றக் குழு என்றாலும் பன்மை எண் மாறாது. அதனால்தான் ஆய்வாளர்கள் இரண்டு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். ஒன்று, எழுமாறாக எடுக்கும் இருவர் வெவ்வேறு குழுவாக இருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பது. மற்றது, 1955இல் டங்கன் என்ற சமூகவியலாளர் இணையர் பரவலாக்கிய பிரிவுச் சுட்டி, எல்லா இடமும் சமமாகக் கலக்க ஒரு குழுவில் எத்தனை வீதம் பேர் வீடு மாற வேண்டும் என்பது. தமிழில் முதலாவதைப் பன்மை என்றும், இரண்டாவது அளப்பதைக் கலப்பின்மை என்றும் பிரித்து எழுதினால் குழப்பம் வராது. இரண்டுக்கும் 'பன்முகத்தன்மை' என்று எழுதுவதை நிறுத்த வேண்டும்.

முன்பாதிக்கு வருவோம். 'எத்னோஸ்' கிரேக்கத்தில் மக்கள் கூட்டம். நம் ஊரில் 'இனம்' என்ற ஒற்றைச் சொல்லே எல்லாவற்றையும் சுமக்கிறது, ஆங்கிலேயர் காலக் குடிசன மதிப்பீட்டில் 'ரேஸ்' என்று இருந்ததும் இனம், இன்றைய 'எத்னிக்' என்பதும் இனம், இனப்பிரச்சினையில் வருவதும் அதே இனம். உடற்தோற்றத்தை வைத்துப் பிரிப்பதற்கு 'மரபினம்' என்றும், மொழி, பண்பாடு, வரலாறு வைத்துச் சேர்வதற்கு 'இனக்குழு' என்றும் எழுதுவது நல்லது. புறநகர் ஒப்பீடு பற்றி எழுதும்போதாவது இது கட்டாயம் வேண்டும்.

ஆக, எத்னோபேர்ப்புக்கு என்ன? 'பல்லினப் புறநகர்' என்றால் செறிவு மறைந்துபோகிறது. 'புலம்பெயர் புறநகர்' காதுக்கு இனிமை, ஆனால் சித்தியின் மகள் அங்கேயே பிறந்தவள், அவள் எங்கிருந்தும் பெயரவில்லை. நான் முதலில் அனுப்பிய 'இனப் புறநகர்' ஒரே இனம் என்ற பொருள் தந்து கெடுத்துவிட்டது. என் தெரிவு 'இனச்செறிவுப் புறநகர்'. கொஞ்சம் நீளம், ஆனால் வெய் லி சொன்ன செறிவு அதில் இருக்கிறது, பெரும்பான்மை என்ற தவறான பொருள் இல்லை.

புலம்பெயர் என்ற சொல்லைத் தள்ளியதில் எனக்கு வருத்தம்தான், காரணம் பட்டினப்பாலை. காவிரிப்பூம்பட்டினத்தைச் சொல்லும்போது 'மொழிபல பெருகிய பழிதீர் தேஎத்துப் புலம்பெயர் மாக்கள் கலந்தினிது உறையும்' இடம் என்கிறது. பல மொழி பேசும் நாடுகளிலிருந்து வந்தவர்கள் கலந்து, இனிதாக வாழும் ஊர். 'கலந்தினிது உறையும்' என்ற அந்த இரண்டு சொல்லை எந்தச் சுட்டியும் அளக்காது.

எங்கள் ஊரிலும் அப்படிப் பலர் இருந்தார்கள். யாழ்ப்பாண நகருக்குள்ளேயே முஸ்லிம்களின் சோனகத்தெரு இருக்கிறது, ஐரோப்பிய வம்சாவளியினரான பறங்கியரின் பறங்கித்தெரு என்ற பெயர் இருக்கிறது, போருக்கு முன் சிங்களவரின் பேக்கரிகள் இருந்தன. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைப் புலிகள் சில மணி நேரத்துக்குள் வெளியேற்றினார்கள். பெரும்பாலானோர் புத்தளம் போய்ச் சேர்ந்தார்கள், போர் முடிந்து திரும்பியவர்கள் சிறு தொகையே. பறங்கித்தெருவில் இன்று பறங்கியர் அநேகமாக இல்லை.

சித்தியிடம் புதிய சொல்லைச் சொன்னேன். "இனச்செறிவுப் புறநகர்" என்று ஒருதரம் சொல்லிப் பார்த்துவிட்டு, "சரி, இதெண்டால் பக்கத்து வீட்டுச் சீனாக்காரரும் உள்ளுக்கை வருவினம்" என்றா.