குடும்பமே ஏறிய காரில் பிக்கப் எவ்வளவு மிஞ்சும்?

"வண்டியில் பிக்கப் குறைந்துவிட்டது, என்னவென்று பாருங்கள்" என்று சர்வீஸுக்கு வரும் செடான் கார்கள் பலவற்றில் பழுது எதுவும் இருப்பதில்லை. விசாரித்தால், அந்த எண்ணம் வந்தது பெரும்பாலும் ஒரு நெடும்பயணத்தில்தான். ஐந்து பேர், டிக்கி நிறையப் பெட்டிகள், ஓடும் ஏசி, முன்னால் மெதுவாகப் போகும் ஒரு லாரி. ஓவர்டேக் செய்ய வெளியே வந்தவர், பாதி வழியில்தான் வண்டி இழுக்கவில்லை என்று உணர்ந்திருப்பார். தப்பித்து வந்தவர்கள் நம்மிடம் சொல்கிறார்கள். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு கிளம்புங்கள் என்பதற்காகவே எழுதுகிறேன்.

கார் வாங்கும்போது எல்லோரும் பார்ப்பது, நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட எத்தனை விநாடி என்ற எண்ணை. நடுத்தரக் குடும்ப செடான்களில் பெரும்பாலானவை அதை 9 முதல் 12 விநாடிக்குள் தொடும். அந்தச் சோதனையில் வண்டிக்குள் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். சாலை சமதளம். ஓட்டுபவர் இன்ஜினை அதன் உச்சம்வரை இழுத்துக் கியர் மாற்றுவார். அமெரிக்கப் பத்திரிகைகள் பலவற்றில், வண்டி முதல் ஓர் அடி நகர்ந்த பிறகே நேரத்தை எண்ணத் தொடங்கும் வழக்கமும் உண்டு. அதிலேயே சுமார் 0.3 விநாடி குறைந்துவிடும். எண் பொய்யில்லை. ஆனால் குடும்பக் கார் சிக்னலில் இருந்து அப்படிப் பாய வேண்டியதே இல்லை. நமக்கு வேண்டியது, ஓடிக்கொண்டிருக்கும் வண்டி 60-லிருந்து 100-க்குப் போக எவ்வளவு நேரம் எடுக்கும் என்பது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓட்டுநரோடு சேர்த்து 1,300 கிலோ எடையுள்ள கார். காற்றின் தடையையும் டயரின் தடையையும் சமாளித்தபின், வேகம் ஏற்றுவதற்கென்று சராசரியாக 53 கிலோவாட் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். 60-லிருந்து 100-க்குப் போக சுமார் 6 விநாடி ஆகும். இன்னும் நான்கு பேரும் பெட்டிகளும் ஏறினால் 400 கிலோ கூடும். அதே வேலைக்கு இப்போது 8 விநாடி. இரண்டே விநாடிதானே என்று தோன்றும். எதிரே 80-ல் ஒரு வண்டி வந்தால், 6 விநாடியில் நீங்கள் இருவரும் சேர்ந்து கடக்கும் தூரம் சுமார் 270 மீட்டர். 8 விநாடியில் 355 மீட்டர். தனியாக ஓட்டிப் பழகிய கண்ணுக்கு "இது போதும்" என்று தெரிந்த இடைவெளி, குடும்பத்தோடு போகும்போது 85 மீட்டர் பற்றாக்குறையாகிவிடுகிறது.

ஏற்றம் வந்தால் நிலைமை இன்னும் மோசம். 100 மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் சாலை, காருக்குள் உட்கார்ந்திருப்பவருக்குப் பெரிய ஏற்றமாகவே தெரியாது. ஆனால் முழுச்சுமையோடு 80 கி.மீ. வேகத்தில் ஏறும்போது, அந்தச் சரிவை வெல்ல மட்டும் அந்த 53 கிலோவாட்டில் சுமார் 18.5 கிலோவாட், அதாவது சுமார் 25 குதிரைத்திறன், செலவாகிறது. 8 விநாடி 12 விநாடியாக நீளும், 355 மீட்டர் 530 மீட்டரைத் தாண்டும். இந்த ஒரு கணக்கையாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மலைச்சாலையில் கண்ணுக்கு எட்டும் நேர்ச்சாலை பெரும்பாலும் அவ்வளவு நீளம் இருக்காது.

இதற்கு மேல் உயரமும் ஒரு காரணம். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறையும். டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத இன்ஜினின் திறனும் ஏறக்குறைய அதே அளவு குறையும். டர்போ இருந்தால் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். ஏசியும் கொஞ்சம் திறனை எடுத்துக்கொள்ளும். பல கார்களில் ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தினால் கம்ப்ரசர் சில விநாடி தானாகவே நின்றுவிடும்.

நான் அதிகம் பார்க்கும் தவறு கியரில்தான். டாப் கியரில் 60-ல் போகிற பெட்ரோல் இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கும் கீழே சுழன்றுகொண்டிருக்கும். அந்த நிலையில் அதன் முழுத் திறனில் மூன்றில் ஒரு பங்குகூடக் கைக்குக் கிடைக்காது. மிதியை எவ்வளவு அழுத்தினாலும் உறுமுமே தவிர ஓடாது. வெளியே வருவதற்கு முன்பே மூன்றாம் கியருக்கு இறக்கிவிட வேண்டும். இன்ஜின் சத்தம் போடுகிறதே என்று பயந்து சீக்கிரம் கியர் ஏற்றுபவர்கள் நிறையப் பேர். இன்ஜின் சுற்றைக் காட்டும் மீட்டரில் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டாதவரை அந்தச் சத்தத்தால் இன்ஜினுக்குக் கெடுதல் இல்லை. ஆட்டோமேட்டிக் காராக இருந்தால் மிதியை அழுத்திய பிறகு அது கியரை இறக்கவே ஒரு நொடி எடுக்கலாம். அந்த நொடி லாரிக்குப் பின்னால் கழியட்டும், எதிர்த் தடத்தில் வேண்டாம்.

உண்மையான பழுதுகளும் உண்டு. இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் முதலில் கிளட்ச் வழுக்குகிறதா என்று பார்ப்போம். ஏர் ஃபில்டர் அடைத்தால் மைலேஜ் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் செய்த ஆய்வில், இன்றைய பெட்ரோல் கார்களில் அடைத்த ஃபில்டரால் மைலேஜ் பாதிக்கப்படவில்லை, பிக்கப்தான் குறைந்தது என்று தெரிந்தது. சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும் பிரேக்கும் வண்டியை இழுக்கவிடாது. ஓட்டி நிறுத்தியபின் ஒரு சக்கரத்தில் மட்டும் அனல் அடித்தால் அதுதான். இன்ஜின் விளக்கு எரிந்து வண்டி திடீரென்று மந்தமானால், காரின் கணினி இன்ஜினின் பாதுகாப்புக்காகத் திறனைக் குறைத்திருக்கிறது; அப்போது ஓவர்டேக் என்ற பேச்சே வேண்டாம். அப்புறம், காலடியில் விரித்திருக்கும் மேட் நகர்ந்து ஆக்சிலரேட்டருக்கு அடியில் போயிருந்தால் மிதி முழுதாக இறங்காது. மேலே ஏறியிருந்தால் மிதி திரும்பி வராமல் சிக்கிக்கொள்ளும், அது அதைவிட ஆபத்து.

வண்டியைக் கொண்டுவரும்போது "பிக்கப் இல்லை" என்பதோடு நிறுத்தாமல், எந்தக் கியரில், எந்த வேகத்தில், எத்தனை பேரோடு, ஏற்றத்திலா சமதளத்திலா என்று சொல்லுங்கள். ஆள் இல்லாமல் சமதளத்தில் ஓட்டியபோதும் பழைய மாதிரி இழுக்கவில்லை என்றால், பாகங்களைக் கழற்றிப் பார்க்க வேண்டிய வேலை இருக்கிறது.