வெளுத்துப் போன பாட்டில்

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். காலி ஊறுகாய் பாட்டில்களைக் கழுவி, பூப்போட்ட பேப்பர் நாப்கினை ஒட்டி, அதன் மேலும் வெள்ளைப் பசையைப் பூசி அவருடைய மகளிர் குழு விற்கிறதாம். பங்குனியில் செய்த பாட்டில் பளபளவென்று இருந்தது. ஐப்பசி மழை தொடங்கியதும் அதே பாட்டில் பால் தெளித்ததுபோல வெளுத்து, தொட்டால் பிசுபிசுக்கிறது. “கடைக்காரர் போலிப் பசையைக் கொடுத்துவிட்டாரா?”

அநேகமாக இல்லை. அந்தப் பசை டப்பாவில் இருந்தபோதும் வெள்ளையாகத்தானே இருந்தது? அங்கிருந்தே தொடங்கலாம்.

வெள்ளைப் பசை என்பது பாலிவினைல் அசிட்டேட். 1912-ல் ஜெர்மனியில் பிரிட்ஸ் கிளாட்டே கண்டுபிடித்த பிளாஸ்டிக். அதற்கு நிறம் கிடையாது. அது கலந்திருக்கும் தண்ணீருக்கும் நிறம் கிடையாது. பிறகு வெள்ளை எப்படி வந்தது? பிளாஸ்டிக் அங்கே கண்ணுக்குத் தெரியாத குட்டி உருண்டைகளாக மிதக்கிறது. ஒரு பொருளுக்குள் நுழையும் ஒளி எவ்வளவு வளையும் என்பதைச் சொல்லும் ஒளிவிலகல் எண் தண்ணீருக்கு 1.33, பிளாஸ்டிக்குக்கு ஏறக்குறைய 1.47. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் ஒவ்வொரு எல்லையிலும் ஒளி திசை மாறுகிறது. கோடிக்கணக்கான எல்லைகளில் முட்டிச் சிதறி எல்லா நிறமும் கலந்து வெளியே வந்தால், நாம் பார்ப்பது வெள்ளை. வாலிநோக்கம் உப்பளத்தில் ஒரு பெரிய உப்புக்கல்லை வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடிபோலத் தெரியும். அதையே பொடித்தால் வெள்ளை. உப்பு மாறவில்லை, எல்லைகள்தான் பெருகிவிட்டன.

பசையைப் பூசியதும் தண்ணீர் காகிதத்திலும் காற்றிலும் போய்விடும். உருண்டைகள் நெருங்கி, லட்டு பிடித்த பூந்திபோல நசுங்கும். அதோடு நிற்காமல் ஒன்றின் மூலக்கூறுச் சங்கிலி பக்கத்து உருண்டைக்குள் நுழைந்து பின்னிக்கொள்ளும். எல்லை போனது, வெள்ளையும் போனது.

நாப்கினுக்கும் இதே கதைதான். அதன் வெண்மை நாருக்கும் நடுவில் இருக்கும் காற்றுக்குமான எல்லையால் வருவது. அந்தக் காற்று இருந்த இடத்தைப் பசை நிரப்புகிறது. நார் ஏறக்குறைய 1.5, பசை 1.47, பாட்டில் கண்ணாடி 1.5. ஒளிக்கு மூன்றும் கிட்டத்தட்ட ஒரே பொருள். காகிதம் மறைந்து, அச்சிட்ட பூ மட்டும் கண்ணாடியிலேயே வரைந்ததுபோல நிற்கிறது. பஜ்ஜி மடித்துக் கொடுத்த பேப்பரில் எண்ணெய் பட்ட இடம் ஊடுருவித் தெரிவதும் இதனால்தான். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது சலிப்பதில்லை.

சரி, ஐப்பசிக்கு வருவோம். டப்பாவில் உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் இருக்க, பாலிவினைல் ஆல்கஹால் என்ற இன்னொரு பொருளை அவற்றின் மேல் போர்த்தியிருப்பார்கள். தண்ணீர் என்றால் அதற்கு உயிர். பசை காய்ந்த பிறகும் செங்கலுக்கு நடுவே சாந்துபோல அது பழைய எல்லைகளில் தங்கியிருக்கும். ஈரக்காற்று வந்ததும் அந்தச் சந்துகள் வழியாகவே நீர் உள்ளே போய்த் துளித்துளியாகத் தேங்குகிறது. 1.47-க்குப் பக்கத்தில் மறுபடி 1.33. எல்லை திரும்பியது, வெள்ளையும் திரும்பியது. சங்கிலிகளுக்கு நடுவே நீர் புகுந்து அவற்றை வழுக்கிவிடுவதால் பசை இளகுகிறது. பிசுபிசுப்புக்கு அதுதான் காரணம்.

கடலோரத்தில் உப்பு வேறு சேர்ந்துகொள்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியும். கடல் உப்போடு வரும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். வீட்டு மூலையில் கண்ணாடிக் கிண்ணத்தில் கல்லுப்பு வைத்து, அது நீர்விட்டால் கெட்ட சக்தியை உறிஞ்சிவிட்டது என்று சொல்கிறார்கள் அல்லவா? அப்படிப் பார்த்தால் மழைக்காலத்தில் மண்டபம் முதல் தொண்டி வரை ஒரு வீட்டிலும் குடியிருக்க முடியாது!

இதே மண்டபத்தில் உப்புக்காற்றில் உலோகம் எப்படி அரிக்கிறது என்று ஆராய மத்திய அரசு நிலையமே இருக்கிறது. பாம்பன் பாலம் இருக்கும் ஊருக்கு அது தேவைதான். குழுப் பெண்கள் விற்கும் இருநூறு ரூபாய்ப் பொருளின் மேல்பூச்சுக்கும் அங்கே ஒரு மேசை ஒதுக்கினால் என்ன என்பது என் ஆதங்கம்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. பாட்டிலைச் சோப்புப் போட்டு எண்ணெய்ப் பிசுக்குப் போகத் தேய்த்தபின், கடைசி அலசலுக்கு உப்புத் தண்ணீர் வேண்டாம், குடிதண்ணீர் ஒரு சொம்பு போதும். போர் தண்ணீர் காய்ந்தால் அதன் உப்பு கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளும். நாப்கினின் அச்சிட்ட மேல் ஏட்டை மட்டும் உரித்து ஒட்டுங்கள். பசையை மெல்லிசாகப் பூசி, நன்றாகக் காயவிட்டு, அப்புறம் தண்ணீரில் கரையாத வார்னிஷ் இரண்டு கோட். ஈரம் காயுமுன் வார்னிஷ் அடித்தால் தண்ணீரை உள்ளேயே பூட்டிவைத்த கதையாகிவிடும்.

கடைக்காரரிடம் போகுமுன் ஒன்று செய்யுங்கள். வெளுத்த பாட்டிலை மழைவிட்ட ஒரு நல்ல வெயில் நாளில் மொட்டைமாடியில் வைத்து, சாயங்காலம் எடுத்துப் பாருங்கள். பூ தெளிந்திருந்தால் அவர் கொடுத்தது நல்ல பசைதான்.